கடைசி ஆட்டத்தில் ஒரு இருமல்

இந்த ஒரு ஏலத்தையாவது நேர்மையாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சீட்டுகளை விரித்தேன்.

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்பதை அவர் கேட்கும் ஏலத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நானும் அக்காவும் அப்படி ஆடியதில்லை. அவளிடம் நல்ல சீட்டுகள் இருந்தால் லேசாக ஒருமுறை இருமுவாள். நான் துணிந்து ஏலத்தை ஏற்றிவிடுவேன். ஒன்பது வருடம் அப்படித்தான் ஜெயித்தோம். மற்றவர்கள் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அக்கா இறந்து நான்கு மாதமாகிறது. இப்போது கூட்டாளியாக எதிரில் அவள் கணவர், அத்தான். அவருக்கு இது எதுவும் தெரியாது.

"கடைசி ஆட்டம்மா. கோப்பைய ஜெயிச்சு அவ படத்துகிட்ட வச்சுடணும்," என்றவர், 'மூன்று ஸ்பேட்' என்ற ஏல அட்டையை வைத்தார்.

நான்குக்கு ஏற்றுவதா, விட்டுவிடுவதா என்று யோசித்தேன். அப்போது அதே லேசான இருமல் கேட்டது.

எதிரணிப் பெண்மணி நிமிர்ந்து, "தண்ணி வேணுமா சார்?" என்றாள்.

"நான் இருமலையே," என்றார் அத்தான்.

என் முகம் சுட்டது. இருமல் மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் கெஞ்சலாக, கேட்டது.

நான் ஏலத்தை ஏற்றாமல் 'பாஸ்' அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன்.