ஒரே பிரஷ்

நாக்கில் வந்த புற்றுநோயால் மஞ்சுளா இறந்து எட்டு மாதமாகிவிட்டது. அவள் வாயிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியா, கண்ணாடித் தட்டில் புற்றணுக்களை மளமளவென்று கொன்றுகொண்டிருந்தது. போன வாரம் குளிர்பெட்டி பழுதாகி அதுவும் செத்துப்போனது. ஆய்வாளர் ஹெலன் மஞ்சுளாவின் கணவன் பொன்னரசுவை ஃபோனில் கூப்பிட்டார்.

"ஒரே பிரஷ்ஷா சார், ரெண்டு பேருக்கும்?"

"ரெண்டு இருந்துச்சு மேடம். அவ என்னோடதத்தான் எடுப்பா. தினமும் சண்டை."

"நல்லவேளை! அந்தப் பாக்டீரியா உங்க வாயிலயும் இருக்கலாம். நாளைக்குப் பல் தேய்க்காம வாங்க."

மறுநாள் ஆய்வகத்தில் பஞ்சுக்குச்சியால் அவன் ஈறைத் தடவி எடுத்தார். நான்காம் நாள், அவன் பல் தேய்க்கப் போகும்போது ஃபோன் வந்தது.

"இருக்காங்க சார்! தட்டு முழுக்க இருக்காங்க!"

எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பொன்னரசு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு பேஸ்ட் வைத்த பிரஷ்ஷை வாயருகே பிடித்தபடி வெகுநேரம் யோசித்தான்.