வைரவர் மடக்கிய விரல்

“நான் பொய்ச்சத்தியம் செய்யேல்லை, டொக்டர்!”

“நான் சத்தியத்தைக் கேக்கேல்லை ஐயா. விரலை நிமித்துங்கோ எண்டுதான் கேட்டனான்,” என்றார் டொக்டர் தில்லைநாதன்.

கனகரத்தினம் வலது கையை மேசையில் வைத்தார். மற்ற விரல்கள் நேராக நிற்க, மோதிர விரல் மட்டும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக் கிடந்தது. மற்றக் கையால் பிடித்து இழுத்தார். ‘டக்’கென்ற சத்தத்தோடு அது நிமிர்ந்தது, நோவில் அவர் முகம் கோணிப்போயிற்று.

“சத்தியம் எண்டு என்னவோ சொல்லுறார்?” டொக்டர் பக்கத்தில் நின்ற குணலட்சுமியைப் பார்த்தார்.

புருசனுக்காக அவள் கொட்டித் தீர்த்தாள்.

“பக்கத்து வளவு நமசிவாயம், எங்கடை கிணத்தடி வேலியை இவர் ஒரு முழம் தள்ளிப் போட்டார் எண்டு ஊரைக் கூட்டிப் போட்டார் டொக்டர். இவர் வைரவர் கோயிலிலை, ‘வேலியிலை என்ரை கை படேல்லை’ எண்டு எரியிற கற்பூரத்தைக் கையாலை அணைச்சுச் சத்தியம் பண்ணினவர். அடுத்த மாதம் அதே கையிலை விரல் மடங்கிப் போச்சு. வைரவர்தான் மடக்கினவர் எண்டு சண்டிலிப்பாய் முழுக்க ஒரே கதை. மகள் பராசக்திக்குப் பேசின பண்டத்தரிப்புச் சம்பந்தமும் நிண்டு போச்சு. பொய்ச்சத்தியக்காரன் வீட்டிலை பொம்பிளை எடுக்க மாட்டினமாம்.”

“நீங்கள் என்ன நினைக்கிறியள், அம்மா?”

“இவர் வேலியைத் தொடேல்லை. எனக்குத் தெரியும்.”

அந்த உறுதியைக் கேட்டு டொக்டரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கனகரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தோட்டம் உண்டு, தான் உண்டு என்று கிடக்கிற மனிதர். வேலி முந்தி எந்த இடத்தில் நின்றது என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. ஊரே கைவிட்ட நேரத்தில் இவள் ஒருத்தியாவது பக்கத்தில் நிற்கிறாளே!

டொக்டர் விரலின் அடியில், உள்ளங்கையில் அழுத்தினார்.

“இஞ்சை நோகுதோ?”

“ஐயோ, ஓம்!”

“காலமை எழும்பேக்கை இறுக்கம் கூட, என்ன? சீனி வருத்தம் இருக்கோ?”

“காலமையிலைதான் மோசம். சீனி இல்லை, மூத்திரம் சோதிச்சவை.”

“என்ன தொழில்?”

“புகையிலைத் தோட்டம். இந்தமுறை கூலிக்கு ஆள் அம்பிடேல்லை. தனியத்தான் கொத்தினனான்.”

டொக்டர் சிரித்துவிட்டார்.

“அப்ப மடக்கினது வைரவர் இல்லை, உங்கடை மண்வெட்டி. சைக்கிள் பிறேக் கேபிள் குழாய்க்குள்ளை ஓடுறமாதிரி, விரலை இழுக்கிற நாண் ஒரு உறைக்குள்ளை ஓடுது. பிடியை இறுக்கிப் பிடிச்சு நெடுகக் கொத்தினால் உறை வீங்கி ஒடுங்கிப் போகும். நாணிலையும் கடுகளவு முடிச்சு விழுந்திருக்கு. அது வாசலிலை சிக்கிறதாலைதான் விரல் நிமிருதில்லை. ஊசி போட்டு விடுறன். கொஞ்ச நாளைக்கு மண்வெட்டியைத் தொடப்படாது. சரிவராட்டில் சின்னதா வெட்டிவிடுவம்.”

ஊசி சரிவரவில்லை. ‘வைரவரோடை ஊசி விளையாடுதோ?’ என்று ஊர் இன்னும் ஒரு சுற்றுக் கதைத்தது. பராசக்தி அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். குணலட்சுமி அசையவில்லை. புருசனை மறுபடியும் பஸ் ஏற்றிக் கொண்டுபோனாள்.

இந்தமுறை டொக்டர் கையை மட்டும் விறைக்க வைத்து, உள்ளங்கையில் சின்னதாக வெட்டி, உறையின் வாயைத் திறந்துவிட்டார்.

“இப்ப மடக்குங்கோ. நிமித்துங்கோ.”

விரல் மடங்கியது. நிமிர்ந்தது. சத்தமுமில்லை, சிக்கலுமில்லை.

“குணம்! நிமிந்திட்டுது, குணம்!” என்று கனகரத்தினம் போட்ட சத்தத்தில் நேர்ஸ்மார் ஓடி வந்தார்கள். வெளியே வாங்கில் இருந்த குணலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள்.

தையல் வெட்டின கையோடு வந்த வெள்ளிக்கிழமை, வைரவர் கோயில் பூசைக்கு ஊரே கூடியிருந்தது. குணலட்சுமி புருசனை முன்னுக்குத் தள்ளினாள்.

“இஞ்சாருங்கோ, கையை வடிவா விரிச்சுக் காட்டுங்கோ! எல்லாரும் பாருங்கோ. வைரவர் மடக்கின விரல் எண்டால் எந்த டொக்டராலை நிமித்த ஏலும்? சொல்லுங்கோ பாப்பம்!”

வைரவரை விட டொக்டர் பெரியவர் என்று அந்த வாசலில் நின்று யார் சொல்வது? ஐயர்கூட மணியை அடிக்க மறந்து நின்றார்.

நமசிவாயம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

“கனகரத்தினம் அண்ணை, என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ. நான்தான் எல்லையைப் பிழையா நினைச்சிட்டன் போலை. வேலி இப்ப நிக்கிற இடத்திலையே நிக்கட்டும்.” பிறகு குணலட்சுமியிடம் திரும்பினார். “அக்கா, புருசனை உங்களைப்போலை நம்பிற பொம்பிளையை நான் கண்டதில்லை.”

பண்டத்தரிப்பு மாப்பிள்ளையின் தகப்பனும் கூட்டத்தில்தான் நின்றார். “தையிலை நாள் பாப்பம், சம்பந்தி,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முழுக்கக் கனகரத்தினம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கையை உயர்த்தி, வேண்டுமென்றே அஞ்சு விரலையும் விரித்துக் காட்டினார்.

“நீ ஒருத்திதான் என்னைக் கடைசிவரைக்கும் நம்பினனி, குணம்.”

குணலட்சுமி வெட்கத்தோடு சிரித்தாள். அதில் நம்புவதற்கு என்ன இருக்கிறது? நமசிவாயம் வீட்டார் உடுப்பிட்டிக் கலியாணத்துக்குப் போயிருந்த பகலில், கிணற்றடி ஒடுக்கமாக இருக்கிறதென்று அந்த வேலிக் கதியால்களைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நட்டவள் அவள்தான். ஊர் சத்தியத்துக்குக் கூப்பிட்டது வழக்கம்போல வீட்டு ஆம்பிளையை மட்டும்தான்.