அவரும் இருக்கிற படம்

பாடி மேம்பாலத்தில் லாரி ஏறும்போதெல்லாம் வக்கீல் ஞானகுமாரியின் அறை ஜன்னல் அதிர்கிறது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ரெனிதாவின் கல்யாண ஆல்பத்தை அவர் புரட்டுகிறார். எல்லாப் படத்திலும் அவள் மட்டும் நிற்கிறாள். பக்கத்தில் கத்தரித்த ஓட்டை. "கோவத்துல வெட்டிட்டேன் மேடம்," என்கிறாள். "டைவர்ஸ் மனுவோட கல்யாண போட்டோ வெக்கணும்மா. அதுல அவரும் இருக்கணும்," என்கிறார் வக்கீல். ஒரு படத்துக்காகக் கணவன் வீட்டு வாசலில் மறுபடி போய் நிற்பதை நினைத்ததும் ரெனிதாவின் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கத் தொடங்குகின்றன. எதுவும் புரியாது என்று நினைத்துக் கூடவே அழைத்துவந்த மகள் ஜெனி, பள்ளிப் பையைத் திறக்கிறாள். கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து ஒரு படத்தை உருவுகிறாள். சர்ச் படிக்கட்டில் அம்மாவும் அப்பாவும் சிரிக்கிறார்கள். வக்கீலிடம் நீட்டுகிறாள், பிடியை மட்டும் விடவில்லை. "பாத்துட்டு குடுத்துருவீங்கல்ல ஆன்ட்டி?"