அய்யாதுரை வாங்கிய திருகாணி

"கபாலீஸ்வரர் சத்தியமாச் சொல்றேன் அண்ணாச்சி, இதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நாலு வருஷமா இவ காதுல இருக்கு. ஒரு தடவைகூடக் கழண்டு விழுந்ததில்லை."

தி.நகர் நகைக்கடை அய்யாதுரை, எதிரே உட்கார்ந்திருந்த நீரஜாவின் காதை உற்றுப் பார்த்தார். முன்னால் வைரத்தோடு மின்னியது. பின்னால் அதைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு திருகாணி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவர் ஸ்ரீவத்சன்தான். மயிலாப்பூர்க்காரர். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் போல்ட்டு நட்டுகளுக்கு மரை வெட்டும் பிரிவில் இன்ஜினியர்.

அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் ஓர் அலை வந்து நீரஜாவின் செருப்பையும் கைப்பையையும் கொண்டுபோனது, தோட்டை விட்டுவிட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பர்ஸ் தொலைந்தது, கொஞ்ச நேரம் ஸ்ரீவத்சனே தொலைந்தார், தோடு இருந்தது. 12பி பஸ்ஸில் ஒரு திருடன் பனகல் பார்க்கில் ஏறி, வழி முழுக்கத் திருகிப் பார்த்துவிட்டு, மயிலாப்பூர் குளத்தண்டை நீரஜாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனானாம்.

அய்யாதுரைக்கு ஃபேனுக்கு அடியிலேயே வியர்த்தது.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவர் கடை தங்கத்தால் நடக்கவில்லை, தொலைந்துபோகிற திருகாணியால் நடந்தது. மாம்பலம் ஸ்டேஷன் நெரிசலில் தினமும் யாராவது ஒருத்தியின் திருகாணி விழும். புதிது வாங்கப் படியேறுகிறவள், வந்ததுதான் வந்தோம் என்று ஒரு மோதிரத்தையாவது விரலில் போட்டுப் பார்ப்பாள். போட்டுப் பார்த்தவள் அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனதாகக் கடைச் சரித்திரத்திலேயே இல்லை. திருகாணி விழாவிட்டால் எவள் படியேறுவாள்?

திருகாணி கவுண்டரில் இருக்கும் கபாலி, நைசாகக் குனிந்து முதலாளியின் காதைக் கடித்தான்.

"இது மட்டும் வெளிய போச்சுன்னா நாம ஈ ஓட்டிக்கினுதான் குந்தணும் அண்ணாச்சி."

"நீ போயி ரெண்டு காப்பி சொல்லுல" என்று அவனை விரட்டிவிட்டு, அய்யாதுரை நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நாங்க வந்த விஷயம் என்னன்னா..." என்று தொடங்கினார் ஸ்ரீவத்சன்.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா சாமி? பேடன்ட் போட்டாச்சா?"

"மனு போட்டிருக்கேன். ஆனா இப்போ வந்தது அதுக்கில்லை..."

"எல்லாம் அதுக்குத்தான்."

மஞ்சளுக்கே அமெரிக்காவில் யாரோ பேடன்ட் வாங்கிவிட்டார்கள் என்று அய்யாதுரை பேப்பரில் படித்திருந்தார். திருகாணியை விட்டுவைப்பார்களா? எதிர்க்கடைக்காரன் முந்திக்கொண்டால்? அவருக்கு இது புதிதும் அல்ல. கடையின் இரும்புப் பெட்டியில் ஏற்கெனவே இரண்டு கண்டுபிடிப்புகள் உறங்கிக்கொண்டிருந்தன: ராயப்பேட்டை அப்துல் வஹீத் செய்த அறுந்துபோகாத சங்கிலிக் கொக்கி ஒன்று, வெள்ளியைக் கறுக்கவே விடாத ஒரு பொடி. இரண்டையும் முழு உரிமையோடு வாங்கி, முழு மரியாதையோடு பூட்டி வைத்திருந்தார்.

மூன்றாவதையும் வாங்கத் தீர்மானித்தார். முத்திரைத்தாள் வந்தது. இனி ஸ்ரீவத்சன் இந்தத் திருகாணியைச் செய்யக் கூடாது. செய்யும் விதத்தை யாருக்கும் சொல்லவும் கூடாது. பேடன்ட் வந்தால் அது அய்யாதுரைக்கே. பதிலுக்கு நீரஜாவுக்கு ஒரு ஜோடி வளையல்.

ஸ்ரீவத்சன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பேரம் பேசுகிறார் என்று நினைத்து அய்யாதுரை ஒரு சங்கிலியைச் சேர்த்தார். மறுபடி திறந்தார். ஜிமிக்கி வந்தது. மூன்றாம் தடவை திறந்தபோது நீரஜா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அப்போதும் மனசு கேட்காமல் ஒன்று மட்டும் கேட்டார்.

"எதுக்குப் பூட்டி வைக்கணும் அண்ணாச்சி? நீங்களே செஞ்சு விக்கலாமே."

"ஒரு தடவை வாங்கிட்டு ஆயுசுக்கும் திரும்பி வராதவளை வச்சு நான் எப்படிச் சாமி கடை நடத்துவேன்?"

ஸ்ரீவத்சன் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். அய்யாதுரைக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் இனி எத்தனை தலைமுறைக்கும் திருகாணி விழுந்துகொண்டே இருக்கும். ஊரிலேயே பாக்கி இருந்தது இந்தக் காதுகளில் இருக்கும் இரண்டுதான்.

"அந்த ரெண்டையும் கழட்டிக் குடுத்துருங்கம்மா. எவன் கண்ணுலயாவது பட்டா விடியறதுக்குள்ள அச்சு எடுத்துருவான்" என்று வெல்வெட் தட்டை நீட்டினார்.

நீரஜா தலைமுடியை ஒதுக்கிக் காதை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே கழட்டிக்கோங்கோ அண்ணாச்சி, நாங்க வந்ததே அதுக்குத்தான். ஒரு நாள் கல்யாணத்துக்குன்னு நாத்தனார்கிட்ட இரவல் வாங்கிப் போட்டுண்ட தோடு. நாலு வருஷமா யாராலயும் கழட்ட முடியலை."