இறங்கும்போது மட்டும்

வண்டிகள் மலையடிவாரத்திலேயே நின்றுவிடும், ஊருக்குள் போக இருநூற்றுப் பதினான்கு படிகள் ஏற வேண்டும் என்று இத்தாலியிலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது. அன்றிலிருந்து சபாபதியும் கனகவல்லியும் தங்கள் அடுக்ககத்தின் படிகளில் ஏறிப் பழகினார்கள். மொட்டைமாடிக்கு இரண்டு முறை போய்வந்தால் கணக்கு சரியாக வந்தது. ஏறும்போது வெறுங்கையோடு ஏறினார்கள். இறங்கும்போது மட்டும் சபாபதி ஓர் அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"லிஃப்ட்தான் வேலை செய்யுதே சார், பையோட எதுக்கு இறங்குறீங்க?" என்றாள் மூன்றாம் மாடி தேவகி.

"இத்தாலிக்குப் போறோம்மா. அங்க படி ஜாஸ்தியாம்."

"உங்க பொண்ணு அங்கதானே இருக்கா?"

"ஆமா, அங்கதான் இருக்கா" என்றாள் கனகவல்லி.

தேவகி சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மகளின் அஸ்திக் கலசம் இரண்டு கிலோ எண்ணூறு கிராம் என்று அந்தக் கடிதத்தின் கடைசி வரி சொன்னது. அதே எடைக்கு அரிசியை நிறுத்துப் பையில் போட்டவள் கனகவல்லிதான்.

"பொறந்தப்பவும் இதே எடைதாங்க" என்றாள்.

இரண்டு படி இறங்கியதும் சபாபதி பையைத் தோளிலிருந்து எடுத்து, ஒரு முனையை உள்ளங்கையில் தாங்கி, மார்போடு ஏந்திக்கொண்டார். இப்போது அடுத்த படி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.