நிலாவை நகர்த்தியவர்கள்

நிச்சயத் தட்டுகள் இரண்டும் இரண்டு அம்மாக்களின் கைக்கும் வந்துவிட்டன.

"ஒரு நிமிசமுங்க" என்றார் அர்த்தநாரி பெரியப்பா.

மணப்பெண் சட்டென்று நிமிர்ந்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா அவர். சேலத்திலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். மின்வாரிய வேலையில் ஓய்வு பெற்ற பிறகு ஜோதிடம் படித்தவர். வயசான காலத்தில் வந்த ஆசை, லேசில் விடாது. பெண்ணின் ஜாதகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமல் தட்டு மாற்ற விடுவாரா?

எதிரே மாப்பிள்ளை நவநீதன். வேட்டி அவனுக்குப் பழக்கமில்லை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அவளைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தான்.

அவளும் சிரித்தாள். இன்னும் ஐந்து நிமிஷம். அப்புறம் ஊரறிய அவன் அவளுடையவன்.

இரண்டு வருடப் பழக்கம். இந்தக் கூடத்தில் அது அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அவள் நட்சத்திரம் ஆயில்யம். மாமியாருக்கு ஆகாது என்பார்கள். அதைக் கேட்டதும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோனவர்கள் உண்டு. நவநீதனின் அம்மாவும் அதையெல்லாம் நம்புகிறவர்.

அதனால், ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனவள் கம்ப்யூட்டர் சென்டரில் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு வந்தாள். பிறந்த தேதியைப் பதினைந்து நாள் முன்னால் தள்ளச் சொன்னது நவநீதன். ஆயில்யம் திருவோணம் ஆனது. பத்துக்கு ஒன்பது பொருத்தம். அன்று இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக் கொண்டாடினார்கள்.

கட்டம் பார்க்கத் தெரியாத அம்மா, பிரித்துக்கூடப் பார்க்காமல் அதை அப்படியே நவநீதன் வீட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டாள்.

"நல்ல நாளாப் பாத்து வெச்சிருக்கறீங்க. இன்னிக்குப் பவுர்ணமி." பெரியப்பா ஜாதகத்தை வாங்கி மடியில் விரித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். "சூரியனும் சந்திரனும் ஏழாமிடத்துல நின்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கற நாளுங்க. இதா, இவங்க ரெண்டு பேராட்டம்."

கூடமே சிரித்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னலில் நிலா ஏறிக்கொண்டிருந்தது.

நவநீதனின் அம்மா தட்டை மடியில் வைத்துவிட்டு அவள் முகத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"மொகத்தப் பாருங்க. இவ பவுர்ணமியிலதான் பொறந்திருப்பா."

அம்மாவின் முகம் மலர்ந்தது.

ஐயோ, அந்தக் கதை!

அவளுக்கு அது மனப்பாடம். தைப்பூசத்துக்கு மறுநாள், பௌர்ணமி. அம்மா இடுப்புவலியோடு வாடகைக் காரில் தாராபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பழனி போய்த் திரும்பும் காவடிக்காரர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வருகிறார்கள். நிலா என்றால் அப்படி ஒரு நிலா. 'வண்டிக்கு லைட்டே தேவைப்படல' என்று அம்மா முடிப்பாள். பக்கத்து வீடு, பால்காரர், பஸ்ஸில் பக்கத்து சீட்டு, யாரையும் விட்டதில்லை. அப்பா போன பிறகு அம்மா வாய் நிறையப் பேசுவது அந்த ஒரு கதையைத்தான்.

தேதியை நகர்த்தியாயிற்று. நிலாவை யார் நகர்த்துவது?

இது அவளுக்கும் தோன்றவில்லை, அந்தப் புத்திசாலிக்கும் தோன்றவில்லை.

"அதையேனுங்க கேக்கறீங்க" என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். "அன்னிக்கு..."

"அமாவாசை" என்றார் பெரியப்பா.

அவர் விரல் ஜாதகத்தில் ஒரு கட்டத்தின் மேல் நின்றிருந்தது.

"சூரியனும் சந்திரனும் ஒரே வீட்டுல உக்காந்திருக்குது. அப்ப, புள்ள பொறந்தது அமாவாசையில. நீங்க வேற என்னமோ சொல்ல வந்தாப்பல இருந்துச்சுங்களே சம்மந்திம்மா?"

நவநீதனின் அம்மா, மடியிலிருந்த தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். ஜாதகத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு முன்னால் அவளால் தலை நிமிர முடியவில்லை.

நவநீதன் ஜமுக்காளத்தில் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்துகொண்டான். காது இரண்டும் சிவந்திருந்தன. அம்மா அவனையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதத்தானுங்க சொல்ல வந்தேன்" என்றாள். "அன்னிக்கு அமாவாசை. கும்மிருட்டு. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லீங்க."

பெரியப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.

"அது ஒண்ணுதானுங்க குறை. சந்திரன்னா தாய். இதுல மறைஞ்சு கெடக்குது. பெத்தவளால இந்தப் புள்ளைக்குப் பெருசா ஒண்ணும் கெடைக்காது. மத்ததெல்லாம் அமோகம்."

இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"நெசந்தானுங்க" என்றாள் அம்மா. "நான் என்னத்தச் செஞ்சுட்டேன்."

சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கினாள்.

தட்டு மாறியது. யாரோ கைதட்டினார்கள். யாரோ சந்தனம் கேட்டார்கள். நவநீதன் விட்ட பெருமூச்சு அவள் வரைக்கும் கேட்டது. அவளுக்குக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது.

அம்மாவின் காலில் விழுந்தாள். எழ மனமில்லாமல் கிடந்தாள்.

அம்மா தூக்கி நிறுத்தினாள். தலையில் பூவைச் சரிசெய்கிற சாக்கில் காதருகே குனிந்தாள்.

"வண்டிக்கு லைட்டே தேவைப்படல, கண்ணு."