மூக்கு போகும் தூரம்

சைக்கிளிலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்ட தபால்காரம்மா, இத்தனை நாள் சால்வைக்குள் மறைத்து வைத்திருந்த கழுத்துப்பட்டையை இன்றுதான் கழற்றியிருக்கிறாள். ஆறு வாரமாக இடது பக்கத்து ஜன்னல் வழியே காலை வெயிலோடு 'டப்... டப்...' என்று ஒரு சத்தம் வருகிறது. தெருவில் எந்த வீட்டில் யார் என்பதெல்லாம் அத்துப்படியானவளுக்கு இது மட்டும் பிடிபடவில்லை. கழுத்தே திரும்பிக் காட்டட்டும் என்று, எழுந்துபோய்ப் பார்க்காமல் வைராக்கியமாக உட்கார்ந்திருந்தாள். இப்போது மெல்லத் திருப்புகிறாள். "ஏமாத்தாதே, தோள் நகருது!" என்று புருஷன் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறான். மூக்கு சுவரைத் தாண்டுகிறது, திரைச்சீலையைத் தாண்டுகிறது. நரம்பு சுண்டி இழுக்கிறது. சட்டென்று சத்தம் நிற்கிறது. எதிர் மாடியில் ஸ்கிப்பிங் கயிற்றோடு ஒருத்தி மூச்சு வாங்க நிற்கிறாள். "அப்பாடா! ஆறு வாரமா பார்க்கிறேன், ஒரு தடவைகூட நீங்க இந்தப் பக்கம் திரும்பல. அப்படி என்னங்க கோபம் என்மேல?"